அம்மாவிடம் தமிழில் கேட்கப்பட்ட கேள்விகள்: கொழும்பு மெமரி கிளினிக் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கொழும்பு 7 இல் இயங்கும் மெமரி கிளினிக் ஒன்றுக்கு, எழுபத்தாறு வயதான என் அம்மாவை இந்த வருடத்தில் மூன்று தடவை அழைத்துச் சென்றேன். அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே பணிபுரிபவர்கள் ஐந்தாறு பேர்தான். நான் சொல்லப்போகும் குறைகளைப் படிப்பவர்கள் அது இன்னாரைப் பற்றியது என்று உடனே கண்டுகொள்வார்கள், அது அவர்களுக்கு நியாயமாகாது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வயதான பெற்றோருடன் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இப்படியொரு நிலையத்தைத் தேடும்போது முதலில் எதைக் கேட்டறிய வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம். அது ஒரே கேள்விதான்: பரிசோதனையை எந்த மொழியில், யார் நடத்துவார்கள்?

அம்மா வடமராட்சியில் இருபத்தெட்டு வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவர். 1995 இடப்பெயர்வுக்குப் பின் கொழும்புக்கு வந்தோம். காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு வரும் வழி அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய வழி. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலையில், இராமகிருஷ்ண மிஷனில் சொற்பொழிவு கேட்டுவிட்டுத் திரும்பியவர் அந்த வழியைத் தவறவிட்டு, தெரிந்த மரக்கறிக் கடைக்காரர் ஒருவரின் உதவியுடன் ஓட்டோவில் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும், தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போடுவதும் தொடங்கியிருந்தன. உறவினர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வயது போனால் அறளை பெயரும், அதற்கு ஏன் வைத்தியர்?" முதுமையில் வரும் புத்தித் தடுமாற்றத்தைக் குறிக்கும் அறளை என்ற இந்தச் சொல் எங்கள் ஊரில் எத்தனை முதியவர்களின் நோயை நோயென்று பார்க்கவிடாமல் மூடிவிட்டது என்பதை இப்போது நினைக்கையில் மனம் வலிக்கிறது.

இந்த நிலையத்துக்குப் போவதற்கு முன் வேறோர் இடத்தில் அம்மாவைக் காட்டினேன். இங்கே கிடைத்த சேவையின் தரம் அதனோடு ஒப்பிட்டால்தான் புலப்படும் என்பதால் அதையும் சொல்ல வேண்டியுள்ளது. அங்கே பரிசோதித்தவருக்குத் தமிழ் தெரியாது. முப்பது புள்ளிகள் கொண்ட வினாத்தாளை அவர் ஆங்கிலத்தில் வாசிக்க, நான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். இடையிடையே அவர் சிங்களத்திலும் கேட்டார். ஆங்கில எழுத்தான எஃப் இல் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்லச் சொன்னபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான இரண்டு ஆங்கில வாக்கியங்களைக் கேட்டபடியே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், முடியவில்லை. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. புள்ளி பதினைந்து. "நோய் நடுத்தர நிலையைத் தாண்டிவிட்டது" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது அம்மா ஓட்டோவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட மற்றவர்களின் விடைத்தாளைத் திருத்திய ஒருவர், தனக்குத் தெரியாத மொழியில் வைத்த பரீட்சையில் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாவது நிலையத்தைப் பற்றி வைத்தியத்துறையில் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னார். அங்கே மருத்துவச் சேவையுடன் ஆய்வும் நடப்பதாகவும், வாரத்தில் இரண்டு நாட்கள் தமிழ் பேசும் உளவியலாளர் ஒருவர் வருவதாகவும் அறிந்து தொலைபேசியில் அழைத்தேன். முதலில் பேசியவர் சிங்களத்தில் மட்டுமே கதைத்தார். தமிழில் பரிசோதனை வேண்டும் என்று சொன்னதும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருந்தோம். முந்திய நாளில் வேறொருவர் அழைத்து வேறு தேதியைச் சொன்னதும், அது தவறு என்று மறுபடி அழைத்துத் திருத்தியதும் நடந்தன. மறதியுள்ளவரைக் கவனிக்கும் குடும்பத்துக்கு இந்தக் குழப்பம் சிறிய விடயமன்று. அம்மாவைக் குளிக்க வைத்து, உடுத்தி, காலையிலேயே ஆயத்தப்படுத்துவது ஒரு நாள் வேலை.

கட்டடம் பழையது, மின்தூக்கி உண்டு. காத்திருக்கும் மண்டபத்தில் தொலைக்காட்சியை உரத்த சத்தத்தில் ஓடவிட்டிருந்தார்கள். ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கப்போகும் இடத்தில் பரிசோதனைக்கு முன் ஒருவரை அரை மணித்தியாலம் அந்த இரைச்சலில் இருத்தி வைப்பது சரியல்ல என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வருகையின்போதும் தொலைக்காட்சி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இனிச் சொல்லப்போவது உள்ளே நடந்தது. கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவரே உளவியலாளர். அம்மா ஆசிரியை என்று கோப்பில் பார்த்தவுடன் அவர் "டீச்சர், இங்கே வந்து வெளிச்சத்தில் இருங்கோ" என்று அழைத்தார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். முதல் பதினைந்து நிமிடம் பரிசோதனை எதுவும் இல்லை. மூக்குக்கண்ணாடி சரியானதா, காது கேட்கிறதா, இரவு நித்திரை கொண்டாரா, சாப்பிட்டாரா என்று விசாரித்தார். வலது காதில் சத்தம் குறைவாகக் கேட்பதைக் கண்டு, தாதியை அழைத்துப் பார்த்தபோது காதுக்குள் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகே தொடங்கலாம் என்றார். முதல் இடத்தில் இதை யாரும் பார்க்கவில்லை. கேட்காத காது வெறும் பரிசோதனைத் தடை மட்டுமல்ல. மறதிநோய் (டிமென்ஷியா) பற்றி லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழ் அமைத்த ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மறதிநோய்க்கு ஆளாகுவோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் நோயை 14 காரணிகளோடு தொடர்புபடுத்துகிறது. கவனிக்கப்படாத கேள்விக்குறைபாடு அவற்றுள் ஒன்று.

பிறகு நடந்தது முன்பு நாங்கள் கண்ட அதே வகைப் பரிசோதனைதான். மொக்கா என்று அழைக்கப்படும் இந்த வினாத்தாளை கனடாவில் சியாத் நஸ்ரெத்தீன் என்ற நரம்பியல் வைத்தியரும் அவரது குழுவினரும் உருவாக்கி 2005 இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகள் பரவலாகப் பயன்பட்டது 1975 இல் வெளியான எம்.எம்.எஸ்.இ. என்ற இதே வகை வினாத்தாள். இரண்டுக்கும் முப்பது புள்ளிகளே. மொக்காவில் 26 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வழமையான நிலை என்று முதலில் வரையறுத்தார்கள். பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்கள். அதாவது கல்வி புள்ளியை மாற்றும் என்பதை உருவாக்கியவர்களே அறிந்திருந்தார்கள். மொழியும் மாற்றும் என்பதை அம்மாவின் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தபோது கண்டேன்.

எழுத்தைக் கொடுத்துச் சொற்களைக் கேட்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கொடுப்பது எளிது. தமிழில் 'க' என்று சொன்னால் அதற்குள் காகம் அடங்குமா, கிளி அடங்குமா, கோவில் அடங்குமா என்ற கேள்வி உடனே எழும். தமிழ் படிப்பித்த ஒருவருக்கு அது இன்னும் கூர்மையாக எழும். உளவியலாளர் அதை முன்கூட்டியே தெளிவாக்கினார்: "ககர வரிசையில் எந்த எழுத்தென்றாலும் சரி, டீச்சர், ஆட்களின் பெயரும் ஊர்ப்பெயரும் வேண்டாம்." அம்மா கத்தரிக்காயில் தொடங்கி, கீரை, கூழ், கொடி, குடை, கேணி, கோபுரம் என்று மரக்கறித் தோட்டத்திலிருந்து கோவில் வீதிக்குப் போய்ச் சேர்ந்தார். முன்பு பூச்சியம் பெற்ற பகுதியில் முழுப் புள்ளி கிடைத்தது. தமிழ் வாக்கியங்கள் இரண்டையும் பிசகின்றித் திருப்பிச் சொன்னார். இரண்டு பொருட்களுக்குள்ள ஒற்றுமை என்ன என்ற கேள்வியிலும் படத்திலுள்ள விலங்குக்குப் பெயர் சொல்வதிலும் ஒவ்வொரு புள்ளி கூடியது. ஐந்து புள்ளிகள் ஏறி, மொத்தம் இருபது ஆனது.

இதைப் படித்துவிட்டு, தமிழில் கேட்டதால் அம்மாவுக்கு நோயில்லை என்று ஆகிவிட்டதாக எவரும் நினைக்கக்கூடாது. அப்படி ஆகவில்லை. இது எந்த வருடம் என்று கேட்டபோது முதல் இடத்தில் 2013 என்றார். இங்கே தமிழில் கேட்டபோதும் 2013 என்றார். அப்பா காலமான வருடம் அது. பதினொரு மணி பத்து நிமிடத்தைக் காட்டும் மணிக்கூட்டை வரையச் சொன்னபோது, வட்டமும் இலக்கங்களும் அழகாக அமைந்தன. ஆனால் ஒரு முள்ளைப் பதினொன்றிலும் மற்றதைப் பத்திலும் வைத்தார். பத்து நிமிடத்துக்கு முள் இரண்டில் நிற்க வேண்டும். 'பத்து' என்று காதில் விழுந்த சொல் கையைப் பத்தாம் இலக்கத்துக்கே இழுத்துவிடுகிறது. அந்த இழுப்பை மறித்து, பத்து நிமிடத்தை இரண்டாக மாற்றிக்கொள்ள மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும். அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்துக் கேட்பதன் காரணம் இதுதான் என்று பிறகு எனக்கு விளக்கினார்.

எல்லாவற்றிலும் கனமான பகுதி ஐந்து சொற்கள். அவை எவை என்று இங்கே எழுதப்போவதில்லை. காத்திருக்கும் மண்டபத்தில் மகன் ஒருவர் தன் தகப்பனாருக்கு எங்கிருந்தோ எடுத்த சொற்பட்டியலை மனப்பாடம் செய்விப்பதைக் கண்டேன். அன்பினால் செய்வதுதான், ஆனால் அது வைத்தியரின் கண்ணைக் கட்டுவதாகும். சொற்களை இரண்டு முறை வாசித்து, அம்மாவைத் திருப்பிச் சொல்ல வைத்து, வேறு வேலைகள் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். ஒன்றும் வரவில்லை. அடுத்து அவர் செய்தது முதல் இடத்தில் செய்யப்படாத ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று குறிப்புக் கொடுத்துக் கேட்டார். அப்போதும் வரவில்லை. மூன்று சொற்களைச் சொல்லி அதில் எது என்று கேட்டபோது ஒன்றை மட்டும் சரியாகத் தெரிந்தெடுத்தார்.

குறிப்புக் கொடுத்தால் வருகிறதா, வரவில்லையா என்ற இந்த வித்தியாசத்தில் நினைவு பற்றிய அரை நூற்றாண்டு ஆராய்ச்சி அடங்கியிருக்கிறது. வயதினாலோ மனச்சோர்வினாலோ வரும் மறதியில், சொல் உள்ளே பதிந்திருக்கும்; எடுத்துத் தரக் கொஞ்சம் உதவி வேண்டும், அவ்வளவுதான். மறதிநோயின் ஒரு வகையான அல்சைமர் நோயில் பதிவதே பழுதாகிறது. இல்லாததைக் குறிப்புக் கொடுத்து எடுக்க முடியாது. எலன் குரோபர், ஹெர்மன் புஷ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1987 இல் வெளியிட்ட பரிசோதனை முறை இந்தப் பிரிப்பை நோக்கியே அமைந்தது. பதிவு நடக்கும் இடம் எது என்பதைக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற நோயாளி. 1953 இல் வலிப்பு நோய்க்கான சத்திரசிகிச்சையில் அவரது மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் கணிசமான பங்கு அகற்றப்பட்டது. அதன் பின் அவரால் புதிய நிகழ்வு எதையும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. ஆனால் பிரென்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் ஓரத்தில் கோடு வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டு வந்தது. முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒரே பொருளல்ல, பலவகை என்பது அப்படித்தான் தெரியவந்தது. மொலைசன் 2008 இல் இறக்கும்வரை ஆய்வாளர்களுக்கு ஒத்துழைத்தார்.

அந்தப் பலவகை என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு சம்மதப் பத்திரம் தந்தார்கள். தமிழில் இரண்டு பக்கம். வாசித்துப் பார்ப்பதற்காக அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, "இங்கே க் மிகும்" என்று ஓர் ஒற்றைப் போட்டார். பிறகு 'பங்குபற்றுபவர்' ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிந்த வாக்கியத்துக்குக் கீழே கோடு இழுத்தார். இரண்டு பக்கத்தில் ஒன்பது பிழை. பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட ஐந்து சொற்களில் ஒன்றையும் வைத்திருக்க முடியாத அதே மூளை, வல்லினம் மிகும் இடங்களை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறது. உளவியலாளர் அந்தத் தாளை வாங்கி, "டீச்சர், இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். வெறும் உபசாரத்துக்குக் கேட்கவில்லை, கோப்பில் சேர்த்தார்.

அந்தப் பத்திரத்தின் தமிழ் அவ்வளவு மோசமாக இருந்தது நிலையத்தின் கடுமையான குறை. பிழை ஒருபுறமிருக்க, படித்த எனக்கே மூன்று வாக்கியங்கள் விளங்கவில்லை. ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டில் தமிழ்ச் சொற்களை மாட்டிவிட்டிருந்தார்கள். சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு கொடுப்பது; விளங்காத தாளில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன பெறுமதி? ஆய்வு உதவியாளர் ஒருவர் நேரில் இருந்து ஒவ்வொரு பகுதியையும் பேச்சுத் தமிழில் விளக்கியதால், விரும்பினால் எப்போதும் விலகலாம் என்பதை அம்மாவிடமே இரண்டு தடவை சொன்னதால், கையெழுத்திடச் சம்மதித்தோம். ஆய்வின் ஒரு பகுதி தமிழ் பேசும் முதியவர்களின் விடைகளைச் சேர்ப்பது என்பதும் எங்கள் சம்மதத்துக்கு ஒரு காரணம்.

இது ஏன் தேவை என்பதற்குப் பின்னணி உண்டு. மறதிநோயாளரில் மூன்றில் இரண்டு பங்கினர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றி நடக்கும் ஆய்வோ மொத்தத்தில் பத்திலொரு பங்குகூட இல்லை என்ற நிலையைச் சுட்டி, 10/66 என்ற எண்ணையே பெயராக வைத்த ஆய்வுக் குழு ஒன்று 1998 இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் உருவானது. படிப்பறிவில்லாதவரையும் நோயாளி என்று தவறாக முத்திரை குத்தாத பரிசோதனை முறையை உருவாக்குவது அதன் முதல் வேலையாக இருந்தது. அதன் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. எங்கள் நாட்டில், எம்.எம்.எஸ்.இ.யின் சிங்கள வடிவத்தைச் சோதித்த கட்டுரை 2002 இல் வந்தது. அதே ஆய்வாளர்கள் ராகமையில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 3.98 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருந்ததாக 2003 இல் வெளியிட்டார்கள். அப்படியொரு பொறுமையான வேலையின் பலன், ஒரு சிங்களத் தாய் இன்று தன் மொழியில் தன் அளவுகோலால் அளக்கப்படுகிறார் என்பது. அதே பலன் எங்கள் தாய்மாருக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு அவர்களது விடைகள் வேண்டும்.

குடும்பத்தாரிடம் தனியாகக் கேட்ட கேள்விகளிலும் அதே கவனத்தைக் கண்டேன். பணவிடயம் பார்ப்பாரா, வங்கிக்குப் போவாரா என்ற கேள்விகளுக்கு நான் "இல்லை" என்றேன். முதல் இடத்தில் அதை அப்படியே குறைபாடாக எழுதிக்கொண்டார்கள். இங்கேயோ, "பத்து வருடத்துக்கு முன் பார்த்தவரா?" என்று திருப்பிக் கேட்டார்கள். இல்லை, அப்பா இருந்தவரை அவரே பார்த்தார், அவருக்குப் பின் நான். செய்யாத வேலையை இப்போதும் செய்யாமல் இருப்பது இழப்பன்று. ஆனால் சமையலைப் பற்றிக் கேட்டபோது, உண்மையான இழப்பைச் சொல்ல வேண்டியிருந்தது: ஒடியற்கூழை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளுமளவுக்குச் செய்த கை, இப்போது பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறது.

வைத்தியரைப் பார்த்தது இரண்டாம் வருகையில். குருதிப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ.யும் வெளியே எடுத்துக்கொண்டு போனோம். அந்தச் செலவு நிலையத்தின் கட்டணத்தைவிடக் கூடுதல் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அம்மா அருந்தும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வைத்தியர் அவற்றை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீரிழிவுக்காகப் பதினான்கு வருடமாக மெட்போர்மின் எடுப்பதும், அம்மா சைவம் என்பதும் சேர்ந்து பி12 உயிர்ச்சத்தைக் குறைத்திருந்தன. தடிமனுக்கென்று தொடங்கி, நித்திரை வருகிறது என்பதற்காக இரவுதோறும் பழக்கமாகிவிட்ட குளோர்பெனிரமின் குளிசையை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். நினைவுக்குத் தேவையான அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையை அது மறிக்கும், முதியவர்களுக்கு நல்லதல்ல. ஐந்து ரூபாக் குளிசை என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அம்மா அப்பாவின் மருந்துப் பெட்டியை ஒருமுறை இப்படிக் கொட்டிப் பார்க்க வேண்டும். பி12 ஊசி போட்டு, அந்தக் குளிசையை நிறுத்தினால் ஓரளவு தெளிவு வரும் என்றும், ஆனால் எம்.ஆர்.ஐ.யில் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதையும் ஐந்து சொற்களின் விடையையும் பார்த்தால் அதனால் மட்டும் எல்லாம் சரியாகாது என்றும் சொன்னார். பொய் நம்பிக்கை தரவில்லை.

அவர் அதை அம்மாவிடம் சொன்னார், என்னிடம் அல்ல. அவரது தமிழ் தடுமாறும் தமிழ். தேவையான இடங்களில் உளவியலாளர் துணைசெய்தார். அம்மா கேட்டார்: "எனக்கு அறளை பெயர்ந்துவிட்டதோ, டொக்டர்?" உளவியலாளர் அந்தச் சொல்லை வைத்தியருக்கு விளக்கினார். வைத்தியர் சற்று யோசித்து, "அம்மா, வயதாவது நோயல்ல. உங்களுக்கு இருப்பது நோய். அதற்குப் பெயர் உண்டு" என்று சொல்லி, அல்சைமர் என்ற பெயரையும் சொன்னார். 1906 இல் டியூபிங்கன் நகரில் அலோயிஸ் அல்சைமர் என்ற வைத்தியர் ஐம்பது வயதில் மறதி தொடங்கிய ஒரு பெண்ணின் மூளையில் கண்டதை முதன்முதலில் விவரித்ததிலிருந்து வந்த பெயர் அது. அம்மா தலையை ஆட்டினார். அன்றிரவு அந்தப் பெயரை மறந்திருந்தார். ஆனால் "அந்த டொக்டர் என்னோடுதான் கதைத்தவர்" என்பதைச் சொன்னார்.

கனடாவிலிருக்கும் தம்பி லெக்கனெமாப் என்ற புதிய மருந்தைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தான். வைத்தியர் அவசரப்படாமல் பதில் சொன்னார். 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் நடந்த ஆய்வில் அது நோயின் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது. 18 புள்ளி கொண்ட அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாளம்வழி ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்றார். அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் என்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார். அது நோயை மாற்றாது, சிலருக்குச் சில காலம் அன்றாட வேலைகளில் உதவும் என்றும், வயிற்றுப் புரட்டல் வந்தால் உடனே அழைக்கும்படியும் சொன்னார். சிங்களத்தில் பேசும் அயலவர்களோடு கதைப்பது அம்மாவைக் குழப்புமா என்று கேட்டேன். கதைக்க விடுங்கள் என்றார். சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து 2013 இல் எழுதிய ஆய்வில், இரண்டு மொழி பேசுவோருக்கு மறதிநோய் நான்கரை வருடம் பிந்தித் தொடங்கியதாகக் கண்டார்கள். அம்மா சிங்களம் படித்தது ஐம்பது வயதை நெருங்கும்போது, மரக்கறிக் கடையில். அது அவருக்கு எவ்வளவு காப்பாக இருந்தது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் அந்த மரக்கறிக் கடைக்காரரே அவரை அன்று ஓட்டோவில் ஏற்றி அனுப்பியவர்.

மூன்று வருகைக்கும் நிலையத்துக்குச் செலுத்தியது 21,000 ரூபா. செய்த வேலைக்கு அது நியாயமான தொகை என்பது என் கருத்து. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது சுமை என்பதும் உண்மை. குறைகளையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்க அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டுமே தந்தார்கள். குடும்பத்தாருக்கான மாதாந்த வகுப்பு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது, தமிழில் இல்லை. இராப்பகலாகப் பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் அல்லர். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் சித்திமாரும் மாமிமாரும், சம்பளத்துக்கு வரும் மலையகப் பெண்களும்தான். அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்காத வகுப்பு பாதி வகுப்புத்தான். தமிழ் உளவியலாளர் ஒருவர்தான், அவர் விடுமுறையில் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. பகல்நேரப் பராமரிப்புக்காக, 2001 இல் தொடங்கப்பட்டு கொழும்பு 10 இல் இயங்கும் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனைப் பார்க்கும்படி எங்களை அனுப்பினார்கள். நாங்கள் இன்னும் போகவில்லை.

போகிறவர்கள் தமிழ் உளவியலாளர் வரும் நாளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, மருந்துப் பை மூன்றையும் கொண்டுபோங்கள். பரிசோதனை நடக்கும்போது நீங்கள் மொழிபெயர்க்க வேண்டிய நிலை வந்தால், அன்று பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஆறு வாரம் காத்திருப்பது அதைவிட நல்லது.

அறிக்கையைத் தமிழில் தரும்படி நான் கடிதம் எழுதினேன். இரண்டு வாரத்தில் உளவியலாளர் அழைத்து, தானே மொழிபெயர்த்து அனுப்புவதாகவும், சொற்கள் விளங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டார். போன வெள்ளிக்கிழமை அது வந்தது. 'தாமதித்த நினைவுகூரல்' என்று எழுதியிருந்ததை 'சற்றுக் கழித்து நினைவுபடுத்தல்' என்று மாற்றலாம் என ஓரத்தில் குறித்தேன். பிறகு அம்மாவிடம் கொடுத்தேன். தன்னைப் பற்றிய அறிக்கை என்று தெரிந்தே வாசித்தார். மூன்று இடத்தில் ஒற்றுப் போட்டார். 'ஞாபகசக்தி' என்று ஓரிடத்திலும் 'நினைவாற்றல்' என்று மற்ற இடங்களிலும் இருந்ததைக் காட்டி, "ஒன்றை வைத்து எழுதச் சொல்லு, பிள்ளை" என்றார். திங்கட்கிழமை திருப்பி அனுப்பினேன்.